மையத்துக்கு இருக்கும் ஒழுங்கு உயிரோடு இருப்பவருக்கு எப்போது?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டினால் நல்லது.

நமது ஊரில் ஒரு மௌத்து நடந்தால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போகும். சந்தூக் வீட்டுக்கு வந்து சேரும். குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் வருவார்கள். பெண் மையத்து என்றால் அதற்கென்று பழகிய உம்மாமார் சொல்லாமலே வந்து நிற்பார்கள். கபன் வெட்டுபவர் யார், கபுறு வெட்டும் தம்பிமார் யார், யார் எங்கே இருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் மௌத்தானவர் பெரும்பாலும் அன்று மாலைக்குள் மையவாடியில் இருப்பார். ஒருவரும் சம்பளம் கேட்பதில்லை. ஒருவரும் பேனர் பிடித்துப் படம் எடுப்பதில்லை. கபுறு வெட்டிய தம்பியின் பெயரை எவரும் முகநூலில் போட்டதை நாம் கண்டதில்லை.

இதைவிடச் சிறந்த தொண்டு அமைப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? ஆள் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, கருவி எங்கே இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது, வேலை பிரிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது.

இப்போது அடுத்த கேள்விக்கு வருவோம். அதே ஊரில், அதே தெருவில், ஒரு மனிதர் உயிரோடு தத்தளிக்கும்போது என்ன ஒழுங்கு இருக்கிறது?

தண்ணீரில் விழுந்த பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் நமது தெருவில் யார்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் உம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க மகளுக்குக் கைகொடுப்பவர் யார்? வெள்ளம் வந்தால் எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற பட்டியல் யாரிடம் இருக்கிறது? அவசரத்துக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் யாரிடம் கேட்பது? பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க."

இறந்தவருக்கு ஒழுங்கு. உயிரோடு இருப்பவருக்கு வாட்ஸ்அப் மெசேஜ். இதைத்தான் இந்தப் பதிவில் கேட்கிறோம். ஏன் இப்படி?

2021 நவம்பர் 23 பற்றிப் பேசாமல் குறிஞ்சாக்கேணியில் இருந்துகொண்டு இதைப் பேச முடியாது. அன்று செவ்வாய்க்கிழமை. பாலம் கட்டுவதற்காகப் பழைய வழி இல்லாமல் போயிருந்த காலம். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போன மிதப்புப் பாதை காலையில் கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு பேர். பின்னர் ஆஸ்பத்திரியில் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. பாதிக்கு மேல் பிள்ளைகள். புத்தகப் பைகளோடு போன பிள்ளைகள். அந்தப் பெற்றோர் இதை வாசிக்கக்கூடும் என்பதால் அந்தக் காட்சியை இங்கே திரும்ப எழுதமாட்டோம். அல்லாஹ் அவர்களுக்கு ஸப்ரைக் கொடுக்கட்டும்.

அன்று காலை முதலில் தண்ணீருக்குள் பாய்ந்தது யார்? கரையில் நின்ற நமது மீனவர்களும் தம்பிமாரும்தான். எந்த அதிகாரியும் வரும் முன் உயிர்களை இழுத்துக் கரை சேர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் துணிவுக்கு முன்னால் நாம் தலை குனிந்து நிற்கிறோம். நம்மிடம் தொண்டு உணர்வு இல்லை என்று எவராவது சொன்னால் அந்தக் காலையைக் காட்டினால் போதும்.

ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தத் துணிவு தேவைப்படாமல் செய்வதற்கு முந்திய நாள் யார் அங்கே நின்றார்கள்? பாதையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒருவர். உயிர்காப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதே என்று மறிப்பதற்கு ஒருவர். காலை ஆறரையில் இருந்து எட்டு மணி வரை, மாறி மாறி, வாரத்தில் ஒரு நாள் வீதம் நிற்கக்கூடிய பத்துப் பேர். விபத்து நடந்த பிறகு கடற்படையின் படகுச் சேவை வந்தது. சில நாட்களில் செய்ய முடிந்த ஒன்றுக்கு முதலில் உயிர்கள் போக வேண்டியிருந்தது. பொறுப்புக்குரியவர்கள் மறுமையிலும் பதில் சொல்லவேண்டிய விஷயம் அது. அவர்கள் பொறுப்பை ஊர் மீது போட்டு எவரும் தப்பிக்க முடியாது. ஆனால் கேட்கும் ஊர் ஒன்று இருந்தால் அந்தப் பொறுப்பைத் தூங்கவிடாது.

இங்கேதான் நமது ஊரில் ஒரு வாதம் வரும்: "நமக்குத் தொண்டு இரத்தத்தில் ஊறினது. பதிவேடு, பயிற்சி எல்லாம் என்ஜிஓக்காரன் வேலை. தேவை வந்தா நாம ஓடுவோம்."

ஓடுவோம், உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து கிண்ணியா ஆஸ்பத்திரியையே அடித்துக்கொண்டு போனபோது ஓடினோம். கொவிட் காலத்தில் நமது ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தார்கள். 2021 மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க வழி பிறந்தபோது, பிரதேச சபை ஊழியர்களோடும் இராணுவத்தினரோடும் அங்கே இரவு பகலாக நின்றவர்கள் ஊர்த் தொண்டர்கள். 3000-க்கும் அதிகமான உடல்கள் அங்கே அடக்கப்பட்டன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்ற மதத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோதும் சோற்றுப் பார்சல் கட்டாத தெரு இல்லை.

எல்லாம் சரி. ஆனால் ஓடுவதால் தீராத வேலைகள் இருக்கின்றன. டெங்குவை எடுத்துக்கொள்வோம். 2017-இல் இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளர்கள் பதிவானார்கள். அந்த வருடம் மார்ச் மாதத்தில் நாடே திரும்பிப் பார்த்த ஊர் கிண்ணியா. பாடசாலைகளைச் சில நாட்கள் மூடவேண்டி வந்தது. உயிர்களும் போயின. அப்போது சிரமதானம் நடந்தது. மண்வெட்டி, கத்தி, லாரி, ஜூஸ், படம் எல்லாம் நடந்தது.

பிள்ளைகளுக்கு வகுப்பில் படிப்பிக்கும் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். டெங்கு நுளம்பின் முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அந்த முட்டை தண்ணீர் வற்றிய சிரட்டையிலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்கு உயிர்க்கும். அப்படியானால் வருடத்துக்கு ஒரு நாள் ஐந்நூறு பேர் கூடிச் செய்யும் சிரமதானம் அந்த வாரத்து நுளம்பை மட்டுமே அழிக்கும். தெருவுக்கு இரண்டு பேர் ஒவ்வொரு வெள்ளியும் அரை மணித்தியாலம் வீடு வீடாகப் போய்ச் சிரட்டை, டயர், பூச்சட்டித் தட்டு, கூரைப் பீலி பார்த்தால் வருடம் முழுவதும் அழிக்கலாம். கூட்டம் அதிகம் தேவையில்லை. விடாமல் வருகிற ஆள் தேவை.

இன்னொன்று. தண்ணீரில் மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கி ஆட்டுவது நமது கரையோர ஊர்களில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். வைத்தியர்கள் இதைச் செய்யவேண்டாம் என்கிறார்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் மூச்சுக் கொடுக்கவேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தம், இரண்டு மூச்சு, திரும்ப 30. ஒட்சிசன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் அது வந்து சேரும்வரை உள்ள அந்த நிமிடங்கள் நமது கையில் இருக்கின்றன. துணிவு உள்ளவன் தண்ணீரில் பாய்வான். பழகியவன்தான் கரையில் உயிரைத் திருப்பிக் கொண்டுவருவான். மையத்தைக் குளிப்பாட்ட வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஊருக்கு, மூச்சுக் கொடுக்க வகுப்பு வைப்பது பெரிய காரியமா?

மார்க்கம் தெரிந்த மௌலவிமார் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஜனாஸாக் கடமை பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லோருடைய கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் முழு ஊரும் குற்றவாளி. அந்த அச்சம்தான் ஜனாஸாவுக்கு இத்தனை ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஆனால் மூழ்குகிறவனைக் காப்பாற்றுவதும் ஊருக்குத் தேவையான அறிவைப் படித்து வைத்திருப்பதும் அதே வகைக் கடமைக்குள் வரும் என்று நமது அறிஞர்கள் பழைய காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜும்ஆ மேடையில் இது எத்தனை தடவை பேசப்பட்டது? மரியாதையோடுதான் கேட்கிறோம்.

"இதெல்லாம் நடைமுறைக்குச் சரிவராது" என்பவர்களுக்கு ஓர் ஊரைக் காட்டுகிறோம். கடலுக்கு அப்பால் கேரளாவில் மலப்புறம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். வளைகுடாவுக்குப் போன வாப்பாமார், காத்திருக்கும் உம்மாமார், கடன், கல்யாணம் எல்லாம் நம்மைப் போலத்தான். கோழிக்கோட்டில் 1993-இல் சில வைத்தியர்கள் புற்றுநோயாளர்களின் வேதனையைக் குறைக்க ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். வைத்தியர் மட்டும் போதாது என்று விளங்கியதும், மலப்புறம் பகுதியில் அயல்வீட்டுக்காரர்களையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: வாரத்துக்கு 2 மணித்தியாலம் தரமுடியுமா? தருபவருக்கு முறையான பயிற்சி. அவர்கள் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போனார்கள். புண் கழுவப் பழகினார்கள். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பாடசாலை போகிறதா என்றும் பார்த்தார்கள். ஆட்டோக்காரர், ஆசிரியர், கடைக்காரர், வீட்டுப் பெண்கள்தான் அந்தத் தொண்டர்கள். 2008-இல் கேரள அரசே அதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஊர் முதலில் செய்தது, அரசு பின்னால் வந்தது.

கடலோர ஊர்களுக்குப் பிரித்தானியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே கடலில் ஆபத்து என்றால் போகும் உயிர்காப்புப் படகுகளை நடத்தும் நிறுவனம் 1824-இல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம். படகில் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். மீனவர், மேசன், ஆசிரியர். வேறு தொழில் பார்த்துக்கொண்டே, அழைப்பு வந்தால் ஓடுகிறவர்கள். ஆனால் அழைப்பு வராத நாட்களில் பயிற்சி எடுப்பவர்கள். இருநூறு வருடம் நின்றதற்கு அந்தப் பயிற்சியும் ஒழுங்கும்தான் காரணம்.

வெளிநாடு வேண்டாம் என்றால் நமது நாட்டுக்கே வருவோம். 1958-இல் கொழும்பு நாலந்தா கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குப் போனார். அங்கேயே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த ஆசிரியர்தான் ஏ.ரி. ஆரியரத்ன. சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. இன்று நாம் வாயால் சொல்லும் சிரமதானம் என்ற சொல் நாட்டில் பரவியதும் அந்த இயக்கத்தால்தான். தொடங்கிவைத்தது ஒரு பாடசாலை வாத்தியார் என்பதை ஆசிரியர்களான நாங்கள் மறக்கக்கூடாது. "சிலபஸ் முடியல்ல, இதுக்கு எங்க நேரம்" என்பவர்களும் மறக்கக்கூடாது. பிள்ளைகளுக்குத் தொண்டு பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணம், பிந்தி வந்த பிள்ளைக்கு மைதானம் கூட்டும் வேலையைத் தண்டனையாகக் கொடுப்பது. தண்டனையாகப் பழகியதை அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு விரும்பிச் செய்யுமா?

இனிக் கசப்பான இரண்டு விஷயம்.

முதலாவது, படம். உலர் உணவுப் பொதியை வாங்கும் விதவைப் பெண்ணின் முகத்தைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதை நிறுத்துங்கள். "வெளிநாட்டில இருக்கிற சகோதரர்மார் படம் கேட்கிறாங்க" என்பது பதில் இல்லை. அவர்களுக்குக் கணக்கைக் காட்டுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, என்ன மீதி. ஒரு பக்கத் தாள் போதும், அதைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு இல்லாத இடத்தில்தான் படம் தேவைப்படுகிறது. கபுறு வெட்டும் தம்பியின் கண்ணியத்தை அரிசி கொடுப்பவரும் படிக்கலாம்.

இரண்டாவது, கழகப் போட்டி. ஒரே வெள்ளத்துக்கு ஒரே தெருவில் நாலு அமைப்பு நாலு நிறச் சட்டையோடு வந்து, முன் வீட்டுக்கு மூன்று பொதி போய், பின் வளவில் இருக்கும் குடிசைக்கு ஒன்றும் போகாமல் விட்டதை எல்லோரும் அறிவோம். தேர்தல் நெருங்கினால் சட்டை நிறம் இன்னும் கூடும். கழகங்கள் இருக்கட்டும், பெயர்களும் இருக்கட்டும். ஆனால் பட்டியல் ஒன்றாக இருக்கவேண்டும்.

"அரசாங்கத்தின் வேலையை நாம ஏன் செய்யவேண்டும்? செய்தால் அவனுகள் இன்னும் சோம்பேறியாவானுகள்" என்று ஒரு வாதமும் இருக்கிறது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதால் மதிக்கிறோம். பாலம் கட்டுவது தொண்டரின் வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்கு வைத்தியரைப் போடுவதும் தொண்டரின் வேலை இல்லை. அதைச் செய்யவேண்டியவர்களிடம் கேட்டு வாங்கவேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? "எங்கட ஊர்ல நிறைய நோயாளி இருக்காங்க" என்று போனால் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புவார்கள். "இந்த எட்டுத் தெருவில் படுக்கையில் இருப்பவர்கள் இத்தனை பேர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் இத்தனை பேர், நீந்தத் தெரியாமல் தினமும் தண்ணீரைக் கடக்கும் பிள்ளைகள் இத்தனை பேர்" என்று தாளோடு போனால் பிரதேச செயலகத்திலும் பதில் சொல்லியாக வேண்டும். ஒழுங்கான தொண்டர் படை அரசைச் சோம்பேறியாக்காது. அது அரசின் முன்னால் ஊரின் சாட்சி.

பெண்கள் பற்றியும் சொல்லவேண்டும். உண்மையான தொண்டு நமது ஊரில் பாதிக்கு மேல் பெண்கள் கையில் இருக்கிறது. பிள்ளைப்பேறு வீட்டைப் பார்ப்பதும் நோயாளியைத் தூக்குவதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு கொடுப்பதும் நமது உம்மாமாரும் ராத்தாமாரும்தான். ஆனால் "தொண்டர் குழு" என்று ஒன்று அமைத்தால் அதில் பதினைந்து ஆண்களின் பெயர். அயல்வீட்டில் எந்தப் பெண் நோயோடு கிடக்கிறாள் என்பது ஆண்களின் குழுவுக்கு எப்படித் தெரியும்? பட்டியலின் பாதி பெண்கள் கையில் இருக்கவேண்டும். அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி வகுப்பு வைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறோம்? ஐந்து விஷயம்.

ஒன்று. ஒவ்வொரு ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஒரு பதிவேடு. பெயர், வயது, இரத்த வகை, தெரிந்த வேலை, எந்த நாளில் வாரத்துக்கு 2 மணித்தியாலம் தரமுடியும். மின்சார வேலை தெரிந்தவரும் சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளையும் தோணி வைத்திருப்பவரும் எல்லோரும் வேண்டும்.

இரண்டு. தெருவுக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஒரு ஆண், ஒரு பெண். நடக்க முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகள் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் 1990-உம் ஒவ்வொரு வீட்டுக் கதவின் உள்பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும்.

மூன்று. பயிற்சி. முதலுதவிக்கு செஞ்சிலுவைச் சங்கத்தின் திருகோணமலைக் கிளையை அழைப்போம். டெங்கு பார்க்க பொது சுகாதாரப் பரிசோதகர்களிடம் ஒரு நாள் படிப்போம். நீச்சலுக்கு ஊரில் கடல் தொழில் செய்யும் நானாமாரைவிட நல்ல ஆசிரியர் எங்கே கிடைப்பார்? மூன்று பக்கம் தண்ணீர் உள்ள ஊரில் ஒரு பிள்ளைகூட நீந்தத் தெரியாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டக்கூடாது.

நான்கு. பாடசாலை விடுமுறையில் ஓ.எல். எழுதிய பிள்ளைகளுக்கு மூன்று மாதத் தொண்டு. பெறுபேறு வரும்வரை போனோடு கிடக்கும் பிள்ளைக்கு ஒரு வீடு, ஒரு நோயாளி, ஒரு பொறுப்பு. முடிவில் பள்ளிவாசலும் பாடசாலையும் சேர்ந்து ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். வேலைக்குப் போகும்போது அது உதவும்.

ஐந்து. பக்கத்து ஊர்களோடு ஒரே வலை. மகாவலி பெருகினால் தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்து ஏறுவதில்லை. கிண்ணியா, மூதூர், திருகோணமலை நகரம் எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தால்தான் நமக்குத் தண்ணீர் ஏறும்போது அவர்களும் அவர்களுக்கு ஏறும்போது நாமும் போகமுடியும். கோயில் நிர்வாகத்தோடும் விகாரையோடும் தேவாலயத்தோடும் பேசத் தொடங்க ஒரு வெள்ளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசத் தொண்டர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. கொழும்பில் மேடை போடுவார்கள், கேக் வெட்டுவார்கள். வெட்டட்டும். நமக்கு அதைவிட நெருக்கமான ஒரு நாள் இருக்கிறது. வரும் நவம்பர் 23-ஆம் திகதியோடு அந்தப் பிள்ளைகள் போய் ஐந்து வருடம். அன்றைக்கு துஆ ஓதுவோம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும். அப்படி நிரம்பாமல் இன்னொரு அஞ்சலிப் பதிவு மட்டும் போட்டால், அது அந்தப் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே நமது கையெழுத்தைப் போடுவதுதான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களே, கழகத் தம்பிமாரே, அதிபர்மாரே, ராத்தாமாரே: இந்தப் பதிவுக்கு லைக் வேண்டாம். "மாஷா அல்லாஹ், நல்ல கருத்து" என்ற கொமென்ட்டும் வேண்டாம். உங்கள் தெருவின் பெயரையும், வாரத்தில் எந்த நாள் எந்த நேரம் 2 மணித்தியாலம் தருவீர்கள் என்பதையும் மட்டும் எழுதுங்கள். உடன்படாதவர்கள் எங்கே பிழை என்று எழுதுங்கள், விவாதிப்போம்.

வஸ்ஸலாம்.